பட்டம் தருவது யார் என்று முதலில் கேளுங்கள்

திருமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து 27 வயது இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். கப்பலூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் வேலை பார்க்கிறார். தந்தை இறந்த பிறகு தாயும் தங்கையும் அவருடைய சம்பளத்தை நம்பியே இருக்கிறார்கள். தங்கைக்கு வயது 17. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறார். நன்றாக வரைவார். கைபேசியிலேயே கல்யாண அழைப்பிதழ் வீடியோக்களைத் தயாரித்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துச் சிறிது பணமும் ஈட்டுகிறார். படித்தால் மல்டிமீடியா டிசைன்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறார்.

மதுரையிலுள்ள ஒரு தனியார் பயிற்சி நிலையம் 'இன்டர்ஆக்டிவ் மல்டிமீடியா டிசைன் அண்ட் புரொடக்‌ஷன்' என்ற மூன்றாண்டுப் படிப்புக்கு மொத்தம் 3,60,000 ரூபாய் கேட்கிறது. வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம் கிடைக்கும், படிப்பு முடிந்தவுடன் வேலை உறுதி என்று சொல்கிறது. அண்ணன் 25,000 ரூபாய் முன்பணம் கட்டி, அசல் மதிப்பெண் சான்றிதழையும் மாற்றுச் சான்றிதழையும் அங்கே ஒப்படைத்துவிட்டார். மீதிப் பணத்துக்கு ஒரு நிதி நிறுவனத்தின் மூலம் 'வட்டியில்லாக் கடன்' ஏற்பாடாகியிருக்கிறது. அடுத்த வாரம் கையெழுத்திட வேண்டும். தாய்மாமனோ, கம்ப்யூட்டரே படம் வரைந்துவிடும் காலத்தில் இந்தப் படிப்பு எதற்கு, பி.காம். சேர்த்துவிட்டு வங்கித் தேர்வு எழுத வை என்கிறார். கணிதமும் கணினி அறிவியலும் படிக்காத பெண்ணுக்கு இந்தப் படிப்பு சரிப்படுமா, இதற்கு எதிர்காலம் உண்டா, முன்பணம் கட்டிவிட்டதால் அங்கேயே சேர்ப்பதுதான் வழியா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதினெட்டு வயதில் நீங்கள் படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போனதை ஒரே வரியில் எழுதிவிட்டு, தங்கையின் படிப்பைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த அக்கறைக்குத் தகுந்த பதிலைத் தர முயல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: அடுத்த வாரம் அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். தங்கை மல்டிமீடியா படிக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் படிக்கலாம், படிக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் படிப்பு வேறு, அந்தப் படிப்பை விற்க வந்திருக்கும் இடம் வேறு. உங்கள் கடிதத்தில் இவை இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்போம்.

இந்தப் படிப்பில் உண்மையில் என்ன கற்கிறார்கள்?

போட்டோஷாப், பிரீமியர், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிளெண்டர், யூனிட்டி என்று அந்த நிலையம் உங்களுக்குக் கொடுத்த மென்பொருள் பட்டியலை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். இத்தனையையும் கற்றுத் தருவதால் படிப்பு தரமானதாகத்தான் இருக்கும் என்பது உங்கள் எண்ணம். இது பலருக்கும் உள்ள எண்ணம்தான், ஆனால் சரியன்று. லேத்தை ஓட்டத் தெரிந்தவர் எல்லோரும் டிராயிங்கைப் படித்து, எந்த உலோகத்தை எந்த அளவுக்குக் கடைய வேண்டும் என்று முடிவு செய்துவிட முடியாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மென்பொருள் அந்த லேத்தைப் போன்றது. முடிவெடுக்கக் கற்பதுதான் படிப்பு.

இதே மல்டிமீடியா துறையில் ஒரு காலத்தில் ஃபிளாஷ் என்ற மென்பொருள் தெரிந்தால் போதும், வேலை நிச்சயம் என்றார்கள். இணையத்தில் இருந்த விளையாட்டுகள், அசையும் விளம்பரங்கள், கல்விக் குறுவட்டுகள் எனப் பலவும் அதில்தான் உருவாயின. அதை வெளியிட்டுவந்த அடோபி நிறுவனம் அதில் உருவானவற்றை இயக்கும் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. குறுவட்டுக் காலத்தில் கோலோச்சிய டைரக்டர் என்ற மென்பொருளின் விற்பனை அதற்கு முன்பே, 2017-இல் நின்றுபோயிற்று. அந்த மென்பொருள்களை மட்டும் கற்றிருந்தவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. திரையின் முன் அமரும் மனிதர் எதைத் தேடுகிறார், எங்கே குழம்புகிறார், எதைக் கண்டதும் விலகிப் போகிறார் என்று யோசிக்கக் கற்றிருந்தவர்களோ வேறு மென்பொருளுக்கு மாறிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

உங்கள் தங்கை இப்போது செய்யும் அழைப்பிதழ் வீடியோவுக்கும், பார்ப்பவரே தொட்டு இயக்கும் இன்டர்ஆக்டிவ் மல்டிமீடியாவுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். வீடியோ, தொடக்கத்திலிருந்து முடிவு வரை அவர் வைத்த வரிசையில் ஓடும். பார்ப்பவருக்குப் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. கீழடி அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்காக, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளைப் பற்றி ஒரு தொடுதிரைப் பக்கம் செய்யும்படி தங்கையிடம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையைத் தொடும் பிள்ளை எதை முதலில் தொடும், அடுத்து எங்கே போகும் என்பது அந்தப் பிள்ளையின் விருப்பம். ஆகவே அவர் ஒரு கதையை மட்டும் எழுதினால் போதாது. எந்த வழியில் நுழைந்தாலும் தடுமாறாமல் திரும்பி வரக்கூடிய பல வழிகளை அமைக்க வேண்டும்.

அதற்கு அவர் முதலில் அகழாய்வு அறிக்கைகளைப் படித்து, எது ஆதாரமுள்ள செய்தி, எது ஊகம் என்று பிரிக்க வேண்டும். பிறகு அதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் சிறு பத்திகளாக எழுத வேண்டும். எந்தத் திரையிலிருந்து எந்தத் திரைக்குப் போகலாம் என்பதை ஒரு தாளில் கட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைய வேண்டும். வண்ணமும் படமும் இல்லாத வெறும் கோட்டு வடிவமான வயர்ஃபிரேமை அதன் பிறகு செய்ய வேண்டும். பானை ஓட்டை முப்பரிமாண உருவமாக்கி விரலால் திருப்பிப் பார்க்கும்படி செய்வது, ஒரு பொத்தானைத் தொட்டதும் எழும் ஓசையை அமைப்பது, படிக்கத் தெரியாத பாட்டி பேத்தியோடு வந்தால் அவரும் கேட்டுப் புரிந்துகொள்ளக் குரல் சேர்ப்பது, சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்கும் எட்டும் உயரத்தில் பொத்தான்களை வைப்பது என்று வேலை விரியும். இவை அனைத்தும் இயங்குவதற்கு யாரேனும் நிரல் எழுத வேண்டும். முழுவதும் முடிவதற்கு முன்பே, ஒரு மாதிரியை நான்கைந்து பிள்ளைகளிடம் கொடுத்து, வாய்திறந்து உதவாமல் ஓரமாக நின்று பார்க்க வேண்டும். செய்தவருக்கு மிகத் தெளிவாகத் தோன்றிய பொத்தானை ஒரு பிள்ளைகூடத் தொடாமல் போவது இந்தத் துறையில் அன்றாடம் நடப்பது. அப்போது பிள்ளைகளைக் குறை சொல்லாமல் பொத்தானை மாற்றும் மனம்தான் இந்தப் படிப்பு கற்றுத்தர வேண்டிய முதல் பாடம்.

இத்தனை வேலையையும் ஒருவரே செய்வதில்லை. எழுதுபவர், வரைபவர், அசைவூட்டுபவர், ஒலியமைப்பவர், திரை வடிவமைப்பாளர், நிரலாளர், எல்லோரையும் ஒருங்கிணைப்பவர் என்று குழுவாகவே செய்கிறார்கள். எல்லாவற்றையும் ஓரளவு அறிந்து, ஒன்றில் ஆழமாகத் தேர்வதே படிப்பின் நோக்கம். இணையதளங்கள், கைபேசிச் செயலிகள், கணினி விளையாட்டுகள், மின்வழிப் பாடங்கள், மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் நாம் தொடும் திரைகள் அனைத்திலும் இந்த வேலை இருக்கிறது.

வணிகவியல் படித்தவருக்கு இது சரிப்படுமா என்று கேட்டீர்கள். விஸ்காம் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்புக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் சேரலாம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் (ஐ.ஐ.டி.) பி.டெஸ். என்னும் வடிவமைப்புப் பட்டப்படிப்பில் சேர்வதற்கான யூசீட் நுழைவுத் தேர்வையும் அறிவியல், வணிகவியல், கலை என எந்தப் பிரிவினரும் எழுதலாம். பி.எஸ்சி. கணினி அறிவியல் போன்ற படிப்புகளுக்குத்தான் சில கல்லூரிகள் கணிதமோ கணினிப் பாடமோ கேட்கும். நிரல் எழுதுவதைக் கண்டு தங்கை அஞ்ச வேண்டியதில்லை. இணையப் பக்கத்துக்கான எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டும் பிளஸ் டூ கணிதம் இல்லாமலே கற்கக்கூடியவை. அதற்கு அடுத்த படியான ஜாவாஸ்கிரிப்ட் பொறுமை கேட்கும். அதையும் நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம்.

அந்த நிலையம் தரும் 'பட்டம்'

இந்தியாவில் பட்டம் வழங்கும் அதிகாரம், 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 22-ஆம் பிரிவின்படி, மத்திய, மாநிலச் சட்டங்களால் அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் அதிகாரம் அளித்த நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. ஒரு பயிற்சி நிலையம் எவ்வளவு பெரிய கட்டடத்தில் இயங்கினாலும் சான்றிதழ் தரலாமே தவிரப் பட்டம் தர முடியாது. ஆகவேதான் வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தோடு 'டை-அப்' என்கிறார்கள். பல்கலைக்கழகம் தன் பட்டப்படிப்பை இப்படித் தனியார் பயிற்சி நிலையங்களின் கையில் கொடுத்து நடத்துவதை மானியக் குழு அனுமதிப்பதில்லை. அது தொலைநிலைப் படிப்பு என்றால், அந்தப் பல்கலைக்கழகம் அந்தப் பாடத்தை அந்த ஆண்டில் நடத்த மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் உண்மையானதாக இருப்பது மட்டும் போதாது.

நீங்கள் அவர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை மூன்று: பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர்; படிப்பு நேரடியா, தொலைநிலையா, இணையவழியா என்பது; அந்தப் படிப்புக்கான மானியக் குழு ஒப்புதலின் நகல். விடை வந்ததும் மானியக் குழுவின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. 'அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வாய்மொழியாகச் சொன்னால், அதையே விடையாக எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இதனால் இன்னொரு நேரடி இழப்பும் உண்டு. உங்கள் தங்கை ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின்படி, அப்படிப் படித்த மாணவியருக்கு, அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் நேரடியாகப் படிக்கும் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. தொலைநிலையில் படிப்பவர்களுக்கு இந்த உதவி இல்லை. பயிற்சி நிலையத்தில் சேர்த்தால் தங்கைக்கு உரிமையாக வரவேண்டிய இந்தத் தொகையும் போய்விடும்.

'வேலை உறுதி' என்ற சொல்லை நம்பி முடிவெடுக்காதீர்கள். விளம்பரப் பலகையில் உறுதி என்று இருக்கும். கையெழுத்திடும் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் வேலை தேட உதவுவோம் என்று மட்டும் இருக்கும். பணம் கட்டியவரைக் கட்டுப்படுத்துவது பின்பக்கம்தான். இந்தத் துறையில் வேலைக்கு எடுப்பவர்கள் செய்து காட்டிய பணிகளின் தொகுப்பைப் பார்த்தே எடுக்கிறார்கள். அந்தத் தொகுப்பை வேறு யாரும் உறுதியளித்துத் தர முடியாது.

கடன், முன்பணம், சான்றிதழ்கள்

நிதி நிறுவனக் கடனைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தகைய ஏற்பாட்டில் முழுத் தொகையும் தொடக்கத்திலேயே பயிற்சி நிலையத்துக்குப் போய்விடும். தவணை கட்டும் பொறுப்பு மட்டும் உங்கள் பெயரில் இருக்கும். ஆறு மாதத்தில் பாடம் சரியில்லை என்று தங்கை வெளியேறினாலும், நிலையத்தையே மூடிவிட்டாலும், நிதி நிறுவனம் உங்களிடம்தான் தவணையைக் கேட்கும். தவறினால் உங்கள் கடன் மதிப்பீடு கெடும். நாளைக்கு வீட்டுக்கோ, சொந்த லேத் வாங்கவோ வங்கியை அணுகும்போது அது குறுக்கே நிற்கும். வட்டி இல்லை என்று சொல்லப்படும் இடங்களில் செயல்முறைக் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாகக் கட்டினால் கட்டணம் குறைகிறதா என்று கேட்டுப் பாருங்கள். வட்டி எங்கே சேர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் சேர்ந்தால் வங்கியின் கல்விக் கடனே உண்டு. 4 லட்சம் ரூபாய் வரை பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திடுவார். படிப்புக் காலமும் அதன் பிறகு ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி கணக்கில் சேரும். மதுரைக் கல்லூரியில் வீட்டிலிருந்தே போய்வருவதானால் இந்தக் கடனும் தேவைப்படாமல் போகலாம்.

கட்டிய 25,000 ரூபாய்க்காக மீதி மூன்றேகால் லட்சத்துக்கும் மேலான தொகையைக் கட்டுவது அந்தப் பணத்தைக் காப்பாற்றும் வழி ஆகாது. உங்கள் உழைப்பின் பணம் அது. அதை இழக்கலாம் என்று நான் சொல்லவில்லை, கேட்டு வாங்குங்கள் என்கிறேன். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்க அந்த நிலையத்துக்கு எந்த உரிமையும் இல்லை. கல்லூரிகளே சரிபார்த்தவுடன் அசல்களைத் திருப்பித் தரவேண்டும் என்பது மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு அறிவிக்கை. பயிற்சி நிலையம் அந்த அறிவிக்கைக்குள் வராது என்றாலும், ஒருவருடைய சான்றிதழைப் பிணைப்பொருளாக வைத்துக்கொள்ளும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் அதற்குத் தரவில்லை.

முதலில் நேரில் போய்ப் பண்போடு கேளுங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். தராவிட்டால், சேர்க்கையை விலக்கிக்கொள்வதாகவும், சான்றிதழ்களையும் முன்பணத்தையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறும் ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். ரசீது, விளம்பரத் துண்டு, வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழித்துவிடாதீர்கள். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. சட்ட ஆலோசனைக்கு மதுரை நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தரவேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே தங்கையின் பெயரிலேயே கேட்கலாம். சட்ட உதவிக்கான எண் 15100. முன்பணம் முழுவதும் திரும்புமா, ஒரு பகுதி கழியுமா என்பது நீங்கள் கையெழுத்திட்ட தாளில் என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது. அதை அங்குள்ள வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பணம் தாமதமானாலும் சான்றிதழ்களைப் பெறுவதைத் தாமதிக்காதீர்கள், கல்லூரிச் சேர்க்கை காத்திருக்காது.

இருக்கும் வழிகள்

முதல் வழி, மதுரையிலேயே அங்கீகாரம் பெற்ற ஒரு கல்லூரியில் விஸ்காம், அல்லது அனிமேஷன், மல்டிமீடியா பெயர் தாங்கிய மூன்றாண்டு இளநிலைப் பட்டம். 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி உட்பட மதுரையில் சில கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் இருக்கிறது. அரசு உதவி பெறும் கல்லூரியாக இருந்தாலும் இத்தகைய பாடங்கள் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் நடக்கும் என்பதால் கட்டணத்தைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வழியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். விஸ்காம் பாடத்திட்டங்கள் பலவும் ஒளிப்படம், குறும்படம், விளம்பரம், இதழியல் பக்கம் சாய்ந்தவை. இணைய வடிவமைப்பும் நிரலும் ஓரிரு தாள்களோடு முடிந்துவிடக்கூடும். இன்டர்ஆக்டிவ் பகுதியைத் தங்கை தானே தேடிக் கற்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி சென்னை. தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ் பிரிவில் நான்காண்டுப் பட்டம் இருக்கிறது. 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரியும் வரையத் தெரிந்தவருக்கு நல்ல இடம். இரண்டும் அரசு நிறுவனங்கள் என்பதால் கட்டணம் குறைவு, விடுதிச் செலவு மட்டும் கூடும். முன்னது திரைப்படத்துக்கும் பின்னது கலைக்கும் முதன்மை தருபவை என்பதைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது வழி, ஓராண்டு தயாராகி யூசீட் தேர்வையோ தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் நுழைவுத் தேர்வையோ எழுதுவது. அகமதாபாத்தில் 1961-இல் நிறுவப்பட்ட அந்த நிறுவனத்தின் பெயருக்கு இந்தத் துறையில் உள்ள மதிப்பு பெரிது. ஆனால் இடங்கள் மிகக் குறைவு. யூசீட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும். அதை மொத்தம் இரண்டு முறைதான், அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் எழுத முடியும். தங்கையை ஓராண்டு வீட்டில் நிறுத்திவைத்து இதற்குத் தயார்செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கல்லூரியில் சேர்ந்துகொண்டே ஜனவரியில் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும். கிடைத்தால் மாறலாம். கிடைக்காவிட்டாலும் அதற்காக வரைந்து பழகியது வீண்போகாது. முதுநிலைக்கு இந்த நிறுவனங்களை மீண்டும் முயல வாய்ப்பு இருக்கிறது.

என் பரிந்துரை முதல் வழிதான். குடும்பச் சூழ்நிலைக்கு மட்டுமல்ல, தங்கையின் பாதுகாப்பான தொடக்கத்துக்கும் அது பொருந்தும். பயிற்சி நிலையங்கள் எல்லாமே தீயவை என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் ஆண்டில் தங்கைக்கு எதில் நாட்டம் என்று தெரிந்தபின், மூன்று மாதத்தில் ஒரே மென்பொருளை ஆழமாகக் கற்க நல்ல நிலையம் ஒன்றுக்குச் சில ஆயிரம் செலவிடுவதில் தவறில்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது

அலுவலக அறையில் கொடுக்கும் வண்ணத்தாளை நம்பாமல் துறைக்கே தங்கையோடு போங்கள். ஆய்வகத்தில் ஒரு மாணவருக்கு ஒரு கணினி கிடைக்கிறதா, இருவர் மூவர் பகிர்கிறார்களா என்று பாருங்கள். மாலை வகுப்பு முடிந்தபின் ஆய்வகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும், அதன்பின் திருமங்கலம் பேருந்து கிடைக்குமா என்பதையும் கணக்கிடுங்கள். சென்ற ஆண்டு மாணவர்கள் செய்த இறுதித் திட்டப்பணிகளைக் காட்டும்படி கேளுங்கள். குறும்படங்கள் மட்டும் இருக்கின்றனவா, அல்லது தொட்டு இயக்கிப் பார்க்கும்படியான ஒரு செயலியோ விளையாட்டோ இணையதளமோ இருக்கிறதா என்பது அந்தத் துறை எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடும். ஆசிரியர்கள் இல்லாத நேரத்தில் இறுதியாண்டு மாணவியர் இரண்டு மூன்று பேரிடம் தங்கையைத் தனியாகப் பேசவிடுங்கள்.

மடிக்கணினியை இப்போதே வாங்க வேண்டாம். முதலாண்டுக்குக் கல்லூரி ஆய்வகமும், நோட்டும் பென்சிலும், அவரிடம் உள்ள கைபேசியும் போதும். பிறகு வாங்கும்போது 16 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. சேமிப்பகம், முப்பரிமாண வேலை செய்வதானால் தனி கிராஃபிக்ஸ் கார்டு ஆகியவற்றைப் பாருங்கள். விலையுயர்ந்த மென்பொருள்களைக் கிராக் செய்து தருவதாகச் சொல்பவர்களிடம் போக வேண்டாம். முப்பரிமாண வேலைக்கான பிளெண்டர், வரைவதற்கான கிருத்தா, இங்க்ஸ்கேப், விளையாட்டு உருவாக்கும் கோடோ ஆகியவை முற்றிலும் இலவசமானவை. திரை வடிவமைப்புக்கான ஃபிக்மா மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

தமிழ் வழியில் படித்தவர், ஆங்கிலம் வராது என்று வருந்தியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தைக் கற்றே ஆக வேண்டும்; மென்பொருளின் கட்டளைகளும் பயிற்சி வீடியோக்களில் பெரும்பகுதியும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. ஆனால் தமிழ் நன்றாகத் தெரிந்திருப்பது இந்தத் துறையில் ஒரு பலம். அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துரு முறைகள் புழங்குகின்றன. அவற்றில் அடித்த உரையை அப்படியே இணையத்தில் போட்டால் குப்பையாகத் தெரியும். போட்டோஷாப்பில் எழுத்துகளைக் கோக்கும் சரியான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால், 'கொ', 'கே' போன்ற எழுத்துகளின் கொம்புகள் இடம் மாறிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஆங்கிலத்துக்கென அளந்த பொத்தானுக்குள் அடங்காமல் பிதுங்கும். தமிழில் படிக்கும் கோடிக்கணக்கானோருக்கு ஒழுங்கான திரைகளைச் செய்யத் தெரிந்தவர்கள் போதுமான அளவில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மாமாவின் கேள்வி

உங்கள் மாமா சொல்வதை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில நொடிகளில் படம் வரைந்து தருவது உண்மை. பின்னணியை நீக்குவது, ஒரே விளம்பரத்தை இருபது அளவுகளில் மாற்றுவது போன்ற, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குக் கிடைத்துவந்த சில்லறை வேலைகள் குறையும். அதை மறைத்துத் தங்கையை அனுப்புவது சரியாகாது. ஆனால், அந்தத் தொடுதிரைப் பக்கத்தை மீண்டும் எண்ணிப் பாருங்கள். எந்தச் செய்திக்கு ஆதாரம் உண்டு என்று சரிபார்ப்பதையும், ஒரு பிள்ளை ஏன் அந்தப் பொத்தானைத் தொடவில்லை என்று நின்று பார்த்துப் புரிந்துகொள்வதையும் பொறுப்பேற்றுச் செய்ய ஓர் ஆள் வேண்டும். வெறும் மென்பொருள் இயக்கக் கற்றவருக்குத்தான் இந்தக் கருவிகளால் ஆபத்து அதிகம்; மென்பொருள் பட்டியலைக் காட்டி விற்கப்படும் படிப்பை நான் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பி.காம். நல்ல படிப்புதான். ஆனால் வங்கி அதிகாரித் தேர்வுக்கு பி.காம். கட்டாயம் என்று மாமா நினைத்தால், அது அப்படியன்று. அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் எந்தப் பட்டம் இருந்தாலும் அந்தத் தேர்வை எழுதலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரித் தேர்வுகள் பலவும் அப்படியே. ஆகவே தங்கை முறையான கல்லூரியில் விஸ்காம் முடித்தால் மாமா விரும்பும் வாசலும் திறந்தே இருக்கும். பட்டம் செல்லாததாக இருந்தால் இரண்டு வாசலும் அடைபடும். இதை மாமாவிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், அவர் கேட்பார்.

வேலையைப் பற்றி மிகையாகவும் நம்பவேண்டாம். மதுரையில் இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் சிறு வடிவமைப்பு நிறுவனங்களும் இருக்கின்றன என்றாலும், சென்னை, கோவை, பெங்களூரு அளவுக்கு வாய்ப்பு இங்கே இல்லை. முதல் வேலை சிறு சம்பளத்தில்தான் தொடங்கும். ஓரிரு ஆண்டு வெளியூரில் இருக்க வேண்டிவரலாம் என்பதையும், பணியை ஒப்படைக்கும் நாட்களில் இரவு நேரமாகும் என்பதையும் அம்மாவிடம் இப்போதே பேசிவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று. இத்தனை நீளமான கடிதத்தில், தங்கை மல்டிமீடியாதான் படிப்பேன் என்கிறார் என்ற ஒரு வரியைத் தவிர அவர் சொன்னது எதுவும் இல்லை. அவர் வரைய விரும்புகிறாரா, கதை சொல்ல விரும்புகிறாரா, விளையாட்டு செய்ய விரும்புகிறாரா என்பது எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கல்லூரிகளைப் பார்க்கப் போவதற்கு முன், உங்கள் ஊரிலிருந்து திருமங்கலத்துக்கும் மதுரை பெரியார் பேருந்து நிலையத்துக்கும் போகும் பேருந்துகளின் நேரத்தைக் காட்டும் ஒரு செயலி எப்படி இருக்க வேண்டும் என்று அவரைத் தாளில் நான்கைந்து திரைகளாக வரையச் சொல்லுங்கள். வரைந்ததை அம்மாவிடமும் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரிடமும் கொடுத்து, அவர்கள் எங்கே விரல் வைக்கிறார்கள் என்று அவரே பார்க்கட்டும். அவர்கள் தடுமாறிய இடத்தைத் திருத்தி மறுபடி வரையும் ஆவல் அவருக்கு வந்தால், அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு கல்லூரித் துறைக்குப் போங்கள். திருத்துவது அலுப்பாக இருந்து, வீடியோ செய்வதில்தான் மனம் நிற்கிறது என்றால் அதுவும் நல்ல விடையே. அப்போது விஸ்காமில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு பக்கம் வலுவாக உள்ள கல்லூரியைத் தேடலாம். சான்றிதழ்கள் கைக்கு வந்ததும், நீங்கள் பார்த்த கல்லூரிகளின் பாடத்திட்ட நகல்களை எனக்கு அனுப்புங்கள். எந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன். அடுத்த கடிதத்தைத் தங்கையே எழுதட்டும்.